ஒரு காது கறுத்த பூனை

நான் பூனை மட்டும்தான் வரைவேன். வேறு எதுவும் எனக்கு வராது. ஒருமுறை டீக்கடைக்காரர் கடையில் மாட்டப் புலி கேட்டார். போட்டுக் கொடுத்தேன். கையில் வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார்.

"இன்னா நைனா, புலி பால் குடிக்க வந்த மாரி கீது?" என்றார்.

அதற்குப் பிறகு யார் எதைக் கேட்டாலும் பூனைதான் என்று சொல்லிவிட்டேன்.

உள்ளங்கை அளவுதான் போடுவேன். அப்போது உத்திரமேரூரில் ஒரு ரைஸ் மில்லில் வேலை பார்த்தேன். மோட்டார் போடுவது, நெல் கொட்டுவது, பெல்ட் விட்டுப்போனால் தைப்பது எல்லாம் நான்தான். மூட்டைகளுக்கு அடையாளம் எழுதுவதும் என் வேலை. கோணி மேல் கறுப்புப் பெயிண்டில் இரண்டு எழுத்து. ஐந்தாவது வரை படித்தவனுக்கு அது போதும். பெயிண்ட் கொஞ்சம் மீதி இருக்கும். கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாத காலம். அதனால் நேரமும் மீதி இருக்கும். மில்லில் எலிக்காக நாலைந்து பூனைகள் இருந்தன. கரண்ட் இல்லாதபோது அவை தவிட்டுமேல் வந்து படுக்கும். சும்மா உட்கார்ந்திருந்தவன் ஒரு நாள் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். பூனை மாதிரியே இருந்தது. எனக்கே ஆச்சரியம்.

அட்டைக்குக் கல்யாணப் பத்திரிகை. முதலாளிக்கு வருகிற பத்திரிகைகளை, தேதி போன பிறகு கேட்டு வாங்கிக்கொள்வேன். பின்பக்கம் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருக்கும். அதை அப்படியே விட்டுவிடுவேன். கறுப்புக்கு மூட்டைப் பெயிண்ட். மற்றதெல்லாம் பொங்கலுக்கு மாட்டுக் கொம்புக்கு அடித்துவிட்டு யார் வீட்டிலாவது எறியும் டப்பாவின் அடியில் இருக்கும். மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினால் பதத்துக்கு வந்துவிடும்.

பிரஷ் ஒன்றுதான். அதுவும் நானே கட்டியது. எங்கள் வீட்டுப் பூனையின் வால் நுனியில் கொஞ்சம் முடி கத்தரித்து, நூலால் ஈர்க்குச்சியில் இறுக்கிக் கட்டினேன். பூனையைப் பிடித்துக்கொண்டவள் என் மனைவி.

"அதும் முடிய வெச்சே அத்தப் போடப் போறியா?" என்று சிரித்தாள்.

வீடு என்றால் மில்லுக்குப் பின்னால், நெல் காயப்போடும் களத்தைத் தாண்டி ஒரு அறை. முதலாளி கொடுத்தது. அந்தப் பூனை எங்கிருந்தோ வந்து அவளோடு ஒட்டிக்கொண்டது. உடம்பெல்லாம் வெள்ளை. இடது காது கறுப்பு. வால் நுனி கறுப்பு. மில் பூனைகளோடு சேராது. நான் வரைய உட்கார்ந்தால் எதிரில் வந்து உட்காரும். ஆனால் என்னைப் பார்க்காது. அவளைத்தான் பார்க்கும். அதன் படங்கள் இருபதுக்கு மேல் போட்டிருப்பேன். எல்லாவற்றிலும் கண் ஒரு பக்கமாகத் திரும்பியிருக்கும்.

"என்னிய ஒரு நாளாச்சும் இப்பிடி உத்துப் பாத்துப் போட்டியா?" என்பாள்.

"நீ ஆடிக்கினே இருக்க. அது ஒக்காருது."

"அதுக்கு நீயா சோறு ஆக்கிப் போடற? நான் போடறேன், அதான் ஒக்காருது."

கல்யாணமாகி ஒன்பது வருஷம். இரண்டு முறை கரு நின்று, நாலாம் மாதம், ஐந்தாம் மாதம் என்று போய்விட்டது. மூன்றாவது தடவை ஐந்து மாதம் தாண்டியது. அவள் யாரிடமும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். நடப்பதைக்கூட மெதுவாக்கிவிட்டாள். அந்தச் சமயத்தில் பூனையும் வயிறு வைத்தது. அதிலிருந்து அவளுக்கு அதன் மேலேயே கண். தட்டில் சோறு பிசைந்து நெத்திலிக் கருவாடு வைத்து அது தின்னும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் என்னிடம் சொன்னாள். "எனக்கு முன்னால இதுக்கு ஆயிடும். இது நல்லபடியா பெத்து எழுந்துகிச்சின்னா நானும் எழுந்துக்குவேன். பாத்துக்க."

"பைத்தியம் மாரி பேசாத."

"பைத்தியமோ இன்னாவோ. எனக்கு அப்பிடித்தான் தோணுது."

அவள் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

மில்லில் ஒரு வழக்கம் உண்டு. மோட்டாரிலிருந்து மெஷினுக்குப் போகும் பெல்ட் தரைக்குக் கீழே ஒரு பள்ளத்தில் ஓடும். பள்ளத்துக்குள் கதகதப்பாக இருக்கும். எலி போகும், எலிக்குப் பின்னால் பூனை போகும். அதனால் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்துத் தூணில் பழைய மண்ணெண்ணெய் டின்னின் தகரத்தை ஆணி அடித்து வைத்திருந்தோம். மோட்டார் போடும் முன் கட்டையால் அதை மூன்று தட்டு தட்டவேண்டும். சத்தம் கேட்டு உள்ளே இருப்பதெல்லாம் ஓடிவரும். பத்து எண்ணவேண்டும். பிறகுதான் கை ஸ்டார்ட்டருக்குப் போகவேண்டும். நான் சேர்ந்த முதல் நாளிலிருந்து அதைச் செய்தேன். அப்படியே பழக்கமாகிவிட்டது.

புரட்டாசி மாதம். நாலு நாளாகக் கரண்ட் சரியில்லை. களத்தில் வண்டிகள் வரிசையாக நின்றன. மாடுகளை அவிழ்த்துவிட்டு ஆட்கள் கத்திக்கொண்டிருந்தார்கள். காலை பத்து மணி இருக்கும். பல்பு எரிந்தது.

"கரண்ட் வந்துட்ச்சி, போடு போடு!" என்று நாலு பக்கத்திலிருந்தும் சத்தம். போட்டேன்.

தகரம் தட்டவில்லை.

பெல்ட் ஒரு தரம் இழுத்து நின்று மறுபடி ஓடியது. அவ்வளவுதான். சத்தம் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அந்தக் கூச்சலில் தெரிந்திருக்காது. எனக்குக் கையில் தெரிந்தது. உடனே நிறுத்தினேன். பள்ளத்தில் இறங்கினேன்.

மில் பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் இறங்கினேன். அப்படி நினைத்தது இப்போதும் ஞாபகம் இருக்கிறது.

குட்டி போட இடம் பார்த்து வந்திருக்கிறது. மூலையில் கிழிந்த கோணி ஒன்றை இழுத்துப் போட்டு வைத்திருந்தது. அதே கோணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மேலே வந்தேன்.

நெல் புடைக்கும் அக்கா ஒருத்தி பள்ளத்தின் ஓரத்தில் நின்றிருந்தாள். ஐம்பது வயசு இருக்கும். காவாந்தண்டலத்தில் பிறந்தவள், எங்கள் தெருவில் வாழ்க்கைப்பட்டவள். கோணியைப் பார்த்தாள். வெளியே தொங்கிய வாலைப் பார்த்தாள்.

"ஐயையோ தம்பி. இது உன் வூட்டுதாச்சே."

"சும்மா இரு அக்கா."

"வாயும் வயிறுமா இருந்துச்சேப்பா."

"சும்மா இரு."

மில்லுக்குப் பின்னால் உமிச்சாம்பல் மேடு இருந்தது. அங்கே கொண்டுபோய்க் குழி எடுத்துப் புதைத்தேன். சாம்பல் உள்ளே சூடாக இருந்தது. அக்கா பின்னாலேயே வந்தாள். நான் மூடி முடிக்கும்வரை நின்றாள்.

"உன் பொண்டாட்டி காதுல போடாத. புள்ளத்தாச்சி. தாங்க மாட்டா."

"சொல்ல மாட்டேன்."

"பூனையக் கொன்னா தங்கத்துல பூன பண்ணிக் காசிக்குப் போயி கங்கையில உடணும்னு சொல்லுவாங்க. பெரிய மனுசங்க பண்ணுவாங்க. நம்ப எங்கப் போவறது?" என்றாள். பிறகு, "நீ வேணும்னா பண்ண? போ. போயி கை கழுவு," என்றாள்.

கை கழுவிவிட்டு வந்து மோட்டார் போட்டேன். வண்டிகள் நின்றுகொண்டிருந்தனவே. சாயந்திரம் வரை அரைத்தேன்.

அன்றைக்கு என் மனைவி தட்டில் சோறு வைத்துவிட்டுக் கூப்பிட்டாள். "பூசு பூசு" என்று கூப்பிடுவாள். தட்டை விரலால் தட்டுவாள். வரவில்லை. ஈ மொய்த்தது. எடுத்துக் கொட்டிவிட்டாள்.

மறுநாளும் வைத்தாள். மூன்றாம் நாளும் வைத்தாள். மத்தியானம் மில்லில் பெல்ட் ஓடும்போது எனக்கு அவள் கூப்பிடுவது கேட்கும். களத்தைத் தாண்டி, மெஷின் சத்தத்தையும் தாண்டி எப்படிக் கேட்கும் என்று தெரியவில்லை. மோட்டாரை நிறுத்திப் பார்த்தால் கேட்காது. போட்டால் கேட்கும். பெல்ட்டைத் தைத்த இடம் கப்பியைத் தொடும்போதெல்லாம் ஒரு சத்தம் வரும். அதுவாக இருக்கலாம். பிரித்து வேறு வாரில் தைத்தேன். சத்தம் மாறவில்லை.

"பூனைங்க குட்டி போட எங்கனா போயி ஒளிஞ்சிக்கும். வரும்," என்றேன்.

"என்னிய உட்டு ஒளியாது," என்றாள்.

ஐந்தாம் நாளோடு அவள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டாள். நிறுத்திவிட்டாள் என்றால் உட்காருவாள், பிசைவாள், கை நின்றுவிடும். ஒரு வாய், இரண்டு வாய். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு வாசலையே பார்ப்பாள்.

"அதுக்கு ஏதோ ஆயிடுச்சி. எனக்குத் தெரியுது," என்றாள்.

பயந்துபோய் ஒரு பொய் சொன்னேன். "அன்னிக்கி காவாந்தண்டலத்து வண்டி நின்னுச்சு. வைக்கோல்ல படுத்துகினு இருந்துச்சுன்னு ஒர்த்தன் சொன்னான். அதோட போயிருக்கும்."

உடனே எழுந்துவிட்டாள். "சைக்கிள எடு. போயி இட்டுக்கினு வா."

ஞாயிற்றுக்கிழமை கிளம்பினேன். ஊர் எல்லையில் எங்காவது மரத்தடியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பலாம் என்று நினைத்தேன். ஆனால் அவள் வழியில் தின்னக் கட்டிக் கொடுத்த சோறு ஹேண்டில்பாரில் ஆடிக்கொண்டே வந்தது. நிறுத்த மனம் வரவில்லை. காவாந்தண்டலம் வரைக்கும் மிதித்துவிட்டேன். ஊருக்குள் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவனை நாலு பேர் பார்த்தார்கள்.

"யாருப்பா நீ? இன்னா வோணும்?"

ஏதாவது சொல்லவேண்டுமே. "பூன ஒண்ணு தேடிக்கினு வந்தேன். வெள்ளப் பூன."

சிரித்தார்கள். "மாடு தேடி வருவாங்க, ஆடு தேடி வருவாங்க. பூன தேடி வர்றவன இப்பத்தான் பாக்கறேன்," என்றார் ஒருவர். "பொண்டாட்டி ஓடிட்டா தேடுவியா?" என்றார் இன்னொருவர். நானும் சிரித்தேன்.

தண்ணீர்க் குடத்தோடு போன ஒரு பெண்பிள்ளை நின்றாள்.

"வெள்ளயா? ஒரு காது மட்டும் கறுப்பா?"

நான் வெள்ளை என்று மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

"ஆமா," என்றேன்.

"வால் நுனியும் கறுப்பா இருக்குமே. எங்க வூட்டுப் பரண்மேலதான் கீது. வந்து அஞ்சாறு நாளாவுது. குட்டி போட்டு வெச்சிக்கீது. ஆளுங்க போனா சீறுது. வந்து பாரு."

என் கையால் எடுத்தேன். என் கையால் புதைத்தேன். சாம்பல் சூடு விரலில் இருக்கிறது. ஒரு காது கறுத்த வெள்ளைப் பூனை உலகத்தில் எத்தனையோ இருக்கும். இதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தும் சைக்கிளைத் திருப்பினேன்.

"இன்னாப்பா, தேடிக்கினு வந்துட்டுப் பாக்காத போற?" என்று பின்னால் கேட்டாள்.

"வேற பூன," என்றேன்.

"பாக்காத எப்பிடி வேற பூனன்ற?"

ஏறி மிதித்தேன். ஊர் தாண்டி ஒரு மதகுப் பாலத்தில் உட்கார்ந்து அவள் கட்டிக் கொடுத்ததைத் தின்னப் பார்த்தேன். காக்காய்க்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அவளிடம் சொன்னேன். அந்தப் பெண்பிள்ளை சொன்னதை, நானே பார்த்ததாகச் சொன்னேன். பரண் மேல் இருக்கிறது. குட்டி போட்டிருக்கிறது. குட்டியோடு தூக்கிவர முடியவில்லை. அவர்களே வளர்த்துக்கொள்கிறார்கள்.

"நீ கண்ணால பாத்தியா?"

"பாத்தேன்."

"எத்தினி குட்டி?"

"மூணு."

"இன்னா கலரு?"

"ரெண்டு வெள்ள. ஒண்ணு சாம்பல்."

வாய் தானாகச் சொன்னது. அவள் உட்கார்ந்து அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சோறு போட்டுத் தின்றாள். இரண்டாம் தரமும் போட்டுத் தின்றாள். அதைப் பார்த்தபோது செய்தது சரி என்றே தோன்றியது.

"குட்டிங்களோட அத்தப் போட்டுக் குடு. நீ பாத்த மாரியே," என்றாள்.

சரி என்றேன். ஆனால் கை ஓடவில்லை. அட்டையை எடுத்து வைத்தால் அக்கா சொன்ன தங்கப் பூனைதான் மனசில் வந்து நின்றது. தங்கத்துக்கு நான் எங்கே போவேன். அவள் கழுத்தில் இருந்தது அவ்வளவுதான். ஒரு வாரம் யோசித்துவிட்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் சாமி படத்துக்குச் சட்டம் போடும் கடைக்குப் போனேன். சட்டத்தின் ஓரத்தில் தங்கக் கலர் அடிப்பார்கள். அந்தப் பொடி கொஞ்சம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு?" என்றார் கடைக்காரர்.

"சும்மாத்தான்."

"உன் பூனைக்கு மூக்குத்தி போடப் போறியா?"

மருந்து பாட்டில் ஒன்றில் கொஞ்சம் கொட்டிக் கொடுத்தார். வார்னிஷும் விட்டுக் கொடுத்தார்.

மில்லில், மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்து போட்டேன். உடம்பு முழுக்கத் தங்கம். காது, வால் எல்லாம் தங்கம். கண்ணுக்கு மட்டும் கறுப்பு வைத்தேன். நான் போட்ட பூனைகளில் நேராகப் பார்த்த பூனை அது ஒன்றுதான். நான் அப்படி நினைத்துப் போடவில்லை. அப்படி வந்தது.

காசிக்குக் கங்கை. எனக்குத் தெரிந்தது செய்யாறு. ஐப்பசியில் ஆற்றில் தண்ணீர் வந்திருந்தது. பெருநகருக்குத் தவிட்டு மூட்டை ஏற்றிப் போன வண்டியில் நானும் போனேன். மூட்டையை இறக்கிவிட்டு ஆற்றங்கரைக்கு நடந்தேன். நல்ல வெயில். முட்டி அளவு தண்ணீரில் இறங்கி நின்று, தெரிந்த சாமி பேரெல்லாம் சொல்லி அட்டையை விட்டேன். அமுங்கிப் போகும் என்று நினைத்தேன். வார்னிஷ் அடித்த அட்டை. அமுங்கவில்லை. கொஞ்ச தூரம் போய், சுழலில் மாட்டிக்கொண்டு அங்கேயே சுற்றியது. ஒவ்வொரு சுற்றுக்கும் முகம் என் பக்கம் வந்தது. கல்லெடுத்துப் போடலாம் என்று குனிந்தேன். பூனை மேல் கல்லா என்று விட்டுவிட்டேன். அது எப்போது போனது என்று தெரியாது. நான் முதலில் வந்துவிட்டேன்.

மனசு கொஞ்சம் லேசானது என்றுதான் சொல்லவேண்டும். அடுத்த இரண்டு நாளில் அவள் கேட்டதைப் போட்டு முடித்தேன். வெள்ளைப் பூனை, ஒரு காது கறுப்பு. மடியில் மூன்று குட்டி. ரெண்டு வெள்ளை, ஒன்று சாம்பல்.

என்னிடம் இருந்தது ஒரு பிரஷ்தான் என்று சொன்னேன். தங்கம் போட்ட பிறகு மண்ணெண்ணெயில் நன்றாகக் கழுவித்தான் எடுத்தேன். ஆனால் அந்தப் பொடி சாதாரணப் பெயிண்ட் இல்லை. நூல் கட்டிய இடத்தில், முடியின் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். ஈரமாக இருக்கும்போது தெரியாது. காயும்போது வெளியே வரும். எனக்கு அது அப்போது தெரியாது.

அட்டையை வாங்கியவள் வாசலுக்குக் கொண்டுபோனாள். சாயந்திர வெயில் சாய்வாக விழுந்துகொண்டிருந்தது. சிரித்துக்கொண்டேதான் பார்த்தாள். குட்டிகளை விரலால் தொட்டாள். அட்டையைக் கொஞ்சம் இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்.

"ஏன் இது மினுக்குது?"

"இன்னா மினுக்குது?"

"மேல எல்லாம் பொடிப் பொடியா. தங்கம் மாரி."

நான் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். முதுகு நெடுக, கழுத்தில், காதில், தூள் தூளாக மின்னியது. குட்டிகள் மேலும் இருந்தது.

"பிரஷ்ல ஒட்டிக்கினு இருந்திருக்கும்."

"தங்கக் கலர் நீ எதுக்குத் தொட்ட?"

என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். சாமி படத்துக்கு என்று சொல்லியிருக்கலாம். மூன்று குட்டியும் கலரும் சொன்ன வாய்தான். அன்றைக்கு வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். அட்டையைப் பார்த்தாள். மறுபடி என் முகத்தைப் பார்த்தாள். பூனைக்குத் தங்கம் எதற்கு என்று எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

"தகரம் தட்டலியா?" என்றாள்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

அவள் கீழே விழுவாள், கத்துவாள் என்று பயந்து கையை நீட்டினேன். விழவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தாள். அட்டையை மடியில் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எங்க பொதச்ச?"

"சாம்பல் மேட்டுல."

"தங்கத்துல போட்டத்த இன்னா பண்ண?"

"செய்யாத்துல உட்டேன்."

"முழுவுச்சா?"

"இல்ல."

"காவாந்தண்டலம் போனதும் பொய்யா?"

"போனேன். அது நெசம்."

அங்கே நடந்ததையும் சொன்னேன். குடத்தோடு நின்ற பெண்பிள்ளை, ஒரு காது கறுப்பு, வால் நுனி, பரண். அவள் நிமிர்ந்தாள்.

"நீ போயிப் பாக்கலியா?"

"இல்ல."

"ஏன்?"

தரையில் கிடந்த உமியைக் காலால் தள்ளினேன்.

"இருந்துட்டா இன்னா பண்றதுன்னு பயந்துட்டியா?"

அவள் சொன்னது சரிதான். செத்ததைப் பார்த்ததைவிட, அங்கே உயிரோடு இருந்துவிடுமோ என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இருந்தால், நான் புதைத்தது எது?

அன்றைக்கு வழக்கம்போலச் சோறு ஆக்கினாள். தின்றாள். மறுநாளும் தின்றாள். முன்னைவிட நன்றாகவே தின்றாள். என்மேல் கோபமா என்று தெரியவில்லை. திட்டவில்லை. அட்டையையும் பிரஷ்ஷையும் எங்கேயோ எடுத்து வைத்துவிட்டாள். நான் தேடவில்லை. மில்லில் இருந்த மற்றப் பூனைகள் அந்த மாதத்திலேயே ஒவ்வொன்றாக வராமல் போயின. எலி பெருகியது. முதலாளி எங்கிருந்தோ இரண்டு பூனை பிடித்துக்கொண்டு வந்துவிட்டார். பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு இரண்டும் ஓடிவிட்டன.

"உன்னியப் பாத்து பயப்படுதுங்க," என்று விளையாட்டாகச் சொன்னார்.

மார்கழியில் அவளுக்கு வலி எடுத்தது. அக்காவோடு கவர்மெண்ட் ஆஸ்பத்திரிக்குப் போனாள். நானும் கிளம்பினேன்.

"நீ மில்லுக்குப் போ. அக்கா வந்து சொல்லும்," என்றாள்.

அன்றைக்கு மோட்டார் போட எனக்குத் தைரியம் இல்லை. ஸ்டார்ட்டர் கெட்டுப்போய்விட்டது என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அது முன்னால் போய்விட்டது, இவளும் பின்னால் போகப் போகிறாள் என்று திரும்பத் திரும்ப வந்தது. பள்ளத்துக்குள் ஒன்றும் இல்லை. ஒன்றும் அசையவில்லை. அப்படியும் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார முடியவில்லை.

மத்தியானம் அக்கா களத்தைக் கடந்து ஓடிவந்தாள். "பொட்டப் புள்ள! ரெண்டு உசுரும் நல்லா கீது! எழுந்திருய்யா, கல்லு மாரி குந்திக்கினு!"

ஓடினேன். கட்டிலில் படுத்திருந்தாள். பக்கத்தில் துணியில் சுற்றி, கோணி தைக்கும் ஊசி மாதிரி ஒல்லியாக ஒரு பெண் குழந்தை. நான் நின்றேன்.

"நல்லா கீதுன்னு நர்ஸம்மா சொன்னாங்களாமே," என்றேன்.

"நானே பாத்துட்டேன். வெரலெல்லாம் எண்ணிட்டேன்," என்றாள்.

குழந்தை வளர்ந்தது. நான் வேறு பிரஷ் வாங்கினேன், கடையில். மறுபடி பூனை போட ஆரம்பித்தேன். சும்மா இருந்தால் மனசு அங்கேயே போகிறது. கை வேலையாக இருந்தால் கொஞ்சம் நிற்கிறது. கறுப்பு, சாம்பல், புலி வரி, யார் வீட்டுப் பூனை கேட்டாலும் போட்டுக் கொடுத்தேன். அந்தப் பூனையை மட்டும் போட முடியவில்லை. மனசில் முகம் இருக்கிறது. அட்டையில் வேறு ஒன்று வந்து உட்காருகிறது. காவாந்தண்டலத்தில் பரண் மேல் இருந்தது அதுவோ என்னவோ. அந்த ஊர் வண்டி மில்லுக்கு வந்தால், வண்டிக்காரனிடம் கேட்கலாமா என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். கேட்டதில்லை.

அவள் என்னோடு நன்றாகவே குடித்தனம் செய்தாள். யாரிடமும் அதைப் பற்றிச் சொல்லவில்லை. ஒன்றுதான் மாறியது. நான் சொல்வதை அவள் போய்ப் பார்த்துக்கொள்வாள். மழை வரும் போல இருக்கிறது என்று சொன்னால் வெளியே வந்து வானத்தைப் பார்ப்பாள். நெல் காய்ந்துவிட்டது என்றால் ஒரு மணியை எடுத்துக் கடித்துப் பார்ப்பாள். சண்டை இல்லை, ஒரு பேச்சு இல்லை. கேட்டுக்கொள்வாள், எழுந்து போய்ப் பார்ப்பாள். வருஷங்கள் போனபிறகு குறையும் என்று நினைத்தேன்.

பெண்ணுக்கு மூன்று வயசு நடக்கும்போது ஜுரம் வந்தது. நாலு நாள் விடவில்லை. அவளுக்கும் ஜுரம். அதனால் நான்தான் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு டாக்டரிடம் போனேன். பார்த்தார், ஊசி போட்டார். பயப்பட ஒன்றும் இல்லை, இரண்டு நாளில் விட்டுவிடும் என்றார். வந்து அவளிடம் அதையே சொன்னேன். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை.

கேட்டுக்கொண்டாள். குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தாள்.

மறுநாள் காலையில் அவளுக்கே நிற்க முடியவில்லை. புடவையை இழுத்துக் கட்டிக்கொண்டு குழந்தையைத் தூக்கினாள்.

"எங்க?" என்றேன்.

"டாக்டர்கிட்ட."

"நேத்துதான போனேன்."

"தெரியும்."

களத்தின் ஓரமாக, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனாள். கூடப் போக எழுந்தேன். திரும்பிப் பார்த்தாள். நின்றுவிட்டேன்.

மத்தியானத்துக்கு மேல் வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அதன் முகத்தில் வேர்வை. ஜுரம் விட்டிருந்தது.

"ஒண்ணும் இல்லியாம். ரெண்டு நாள்ல சரியாப் பூடுமாம்," என்றாள்.

"நான் நேத்தே சொன்னேனே."

"நீ சொன்ன," என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. குழந்தையை என் மடியில் படுக்க வைத்தாள். கழுத்து சாயாமல் என் கையைப் பிடித்து இழுத்து அடியில் கொடுத்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போனாள்.